திருகாணி வைத்த கால்காப்பு

பிரசவத்துக்கு உள்ளே போகிறவள் உடம்பில் குந்துமணி நகைகூட இருக்கக் கூடாது. இது நான் வைத்த சட்டம் இல்லை, வேலையில் சேர்ந்த அன்றைக்கே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி ஒரு துணை சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். அப்போதெல்லாம் அங்கேயே பிரசவம் பார்ப்போம். வலியில் துடிக்கிறவள் வளையலைக் கழற்றித் தருவாள், மூக்குத்தியைத் தருவாள், இடுப்பிலிருக்கும் வெள்ளிக்கொடியைத் தருவாள். எல்லாவற்றையும் ஒரு துணியில் முடிந்து என் மேசை டிராயரில் வைத்துக்கொள்வேன். பிள்ளை பிறந்து, தாய் கண் விழித்து, ஒரு வாய் காப்பி குடித்த பிறகு திருப்பிக் கொடுப்பேன். இடைப்பட்ட நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பேன். பழைய நகை சேகரிக்கிறேன் என்று இப்போது கௌரவமாகச் சொல்லிக்கொள்கிறேனே, அது அந்த டிராயரில்தான் ஆரம்பித்தது.

எனக்கென்று இருந்த நகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், சின்ன கதைதான். அம்மாவுக்கு ஒரு பழைய கெம்புக்கல் அட்டிகை இருந்தது. என் கல்யாணத்தின்போது அதை அழித்து எனக்கு மூன்று வளையல் செய்தார்கள். பழைய மாடலைப் போட்டுக்கொண்டு போனால் வடக்கனந்தல் மாமியார் வீட்டில் மதிக்க மாட்டார்களாம். வளையல் மூன்றும் இப்போது என் நாத்தனார் கையில் இருக்கின்றன. நல்ல நாள் பெரிய நாளில் அவள் அதைப் போட்டுக்கொண்டு எனக்கே பரிமாறுவாள். நான் கேட்டதில்லை. கேட்டு வாங்குகிற சாமர்த்தியம் எனக்கு மலைக்கு மேலேதான் வந்தது.

கள்ளக்குறிச்சியில் நகைக்கடைக்காரர் ஒருவரைத் தெரியும். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் பழைய வெள்ளியை அவரிடம்தான் போடுவார்கள். அவர் தராசில் வைப்பார், அழுக்குக்கும் உள்ளே அடைத்த அரக்குக்கும் என்று ஒரு கழிவு கழிப்பார், கோணிப்பையில் வீசுவார். மாதம் ஒருமுறை பை உருக்கப் போய்விடும். ஒரு நாள் என் கண்ணெதிரே ஒரு சின்னக் குழந்தையின் அரைமூடியை வீசினார். இடுப்புக்கொடியில் கோத்துத் தொங்கவிடுகிற, அரசிலை வடிவத்து வெள்ளித் தகடு. அதில் யாரோ நுணுக்கமாக ஒரு கிளியைச் செதுக்கியிருந்தார்கள். பையில் கைவிட்டு அதை எடுத்துக்கொண்டு எடைக்கு எடை பணம் கொடுத்தேன். அவர் சிரித்தார். "இன்னா மேடம், பேத்திக்கா?" என்றார். எனக்குப் பிள்ளையே இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அதன்பிறகு எந்த நகையையும் கடை வரைக்கும் போக விடவில்லை, மலையிலேயே மடக்கிவிடுவேன். யார் வீட்டில் கடுக்காய் வியாபாரம் படுத்துவிட்டது, யார் புருஷன் மரத்திலிருந்து விழுந்தான், யாருக்குச் சாமை விளையவில்லை என்பதெல்லாம் என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். மாத்திரை கொடுக்கிறவளுக்குத் தெரியாத கஷ்டம் உண்டா? "கடையில போட்டா கழிவு கழிப்பாங்க, என்கிட்ட குடு, ஒரு கிராம் கழிக்க மாட்டேன்" என்பேன். உண்மையிலேயே கழித்ததில்லை. அதனால் எனக்கு ஒரு புண்ணியவதி நினைப்பு. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று ஊரில் சொல்வார்கள். நான் பிடுங்கவில்லை, கை நீட்டி வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கள்ளக்குறிச்சி வீட்டில் என் பீரோவின் கீழ்த்தட்டு நிறைந்தது. தங்கத்தில் காதுக்குப் போடும் முருகு இரண்டு ஜோடி, மூக்கில் தொங்கும் புல்லாக்கு ஒன்று, கல் உதிர்ந்த காதுக் கொப்பு ஒன்று. மற்றதெல்லாம் வெள்ளி. போட்டோ எடுத்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். சென்னை, கோயம்புத்தூர் பெரிய வீட்டு அம்மாக்கள் இருக்கும் குழு. அவர்களுக்கு மலை என்றால் அருவி. போட்டோவைப் பார்த்துவிட்டு ஆகா ஓகோ என்பார்கள், எந்தக் காலத்து வேலை என்று சண்டை போட்டுக்கொள்வார்கள். அங்கேதான் பாடம் படித்தேன். ஜோடியாக இருக்க வேண்டும். பற்றவைத்திருக்கக் கூடாது. முக்கியமாக, வெட்டுப்பட்டிருக்கக் கூடாது. வெட்டு விழுந்துவிட்டால் அது பழைய நகை இல்லை, வெறும் எடை. இந்தக் கடைசிப் பாடம் என் மண்டையில் நன்றாக ஏறிவிட்டது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். துணை நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஊர்க்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் நான்தான் எடுத்தேன். அப்போதும் எல்லா நகையும் கழற்றினாள், கால்காப்பு மட்டும் கழலவில்லை, காலில்தானே என்று விட்டுவிட்டேன். மாமியார் போட்டுவிட்ட காப்பு. கட்டைவிரல் பருமன், உள்ளே கூடாகச் செய்து அரக்கு அடைத்தது. இரண்டு முனையும் சேரும் இடத்தில் பூமொட்டுத் தலை வைத்த ஒரு திருகாணி. அது மாதிரி வேலை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இரண்டு தரம் விலைக்குக் கேட்டேன். முதல் தரம் சிரித்தாள். இரண்டாம் தரம், "என்னப் பொதைக்கிற அன்னிக்கி வாங்க நர்சம்மா, கழட்டிக் குடுக்கச் சொல்றேன்" என்றாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். அதிலிருந்து தடுப்பூசி நாளில் வரும்போதெல்லாம் காலை வேண்டுமென்றே முன்னால் நீட்டி உட்காருவாள். "பாத்துக்கோங்க, பாக்கறதுக்கு காசு இல்ல" என்பாள். நானும் சிரித்துக்கொண்டே பார்ப்பேன். எனக்குள் சிரிப்பு ஒன்றும் இருக்காது. ஆசை வெட்கம் அறியாது.

சாமை அறுப்பு சமயம். காலை பதினோரு மணி இருக்கும். அவள் புருஷன் பைக்கில், நடுவில் அவளை உட்காரவைத்து, பின்னால் அவன் தம்பி பிடித்துக்கொண்டு, மூன்று பேராக வந்து நின்றார்கள். அறுத்துப் போட்ட சாமைத் தாளுக்கு அடியில் விரியன். இடது பாதத்தில், சுண்டுவிரலுக்கு மேலே கடித்திருந்தது. கணுக்காலுக்கு மேல் கயிற்றால் இறுக்கக் கட்டியிருந்தார்கள்.

கயிற்றைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. "எத்தினி தரம் சொல்லியிருக்கேன், பாம்பு கடிச்சா இறுக்கிக் கட்டாதீங்கன்னு? ரத்த ஓட்டம் நின்னு காலு அழுகிடும்யா" என்று கத்தினேன். கத்திக்கொண்டே கயிற்றை அவிழ்த்தேன். கீழே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன், வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். அவளைப் படுக்கவைத்து, பயப்படாதே என்று சொல்லி, கையிலிருந்த வளையலைக் கழற்றினேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். காப்பு வரைக்கும் சரியாகத்தான் செய்தேன்.

கயிறு இறுக்கியதும் காலைத்தான், காப்பு இறுக்கப்போவதும் காலைத்தான். வீக்கம் ஏறினால் சதை காப்பை விழுங்கிவிடும் என்பது எனக்குத் தெரியாதா? ஊர் ஊராகப் போய் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

திருகாணி எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்க்க, முதலில் கடிபடாத வலது காலில் கைவைத்தேன். கொஞ்சம் எண்ணெய் விட்டு, துணியைச் சுற்றிப் பிடித்து, வழக்கத்துக்கு மாறாக வலது பக்கம் திருப்பினால் கழன்றது. இத்தனை வருஷம் அந்தப் பெண்ணாலேயே கழற்ற முடியாததை ஐந்து நிமிஷத்தில் நான் கழற்றிவிட்டேன் என்று பெருமை வேறு. பிறகு இடது காலுக்கு வந்தேன். அதற்குள் கணுக்கால் உப்பிவிட்டது. மொட்டின் தலை பாதி சதைக்குள் போய்விட்டது. எண்ணெய் வழுக்கியது. சோப்புத் தண்ணீர் போட்டேன். அதுவும் வழுக்கியது.

புருஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். "நர்சம்மா, வண்டி டூல்ஸ்ல கட்டிங் பிளேயர் இருக்குதுங்க. எடுத்தாரட்டுங்களா? கூடுதான், ரெண்டு கடியில அறுந்துடும்" என்றான்.

"இருய்யா. வந்துடும்" என்றேன்.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். முகமெல்லாம் வேர்வை. "அறுத்துடுங்க நர்சம்மா. ரொம்ப இறுக்குது" என்றாள்.

"இரும்மா, இரு, வந்துகினே இருக்குது" என்றேன்.

வரவில்லை. ஆம்புலன்ஸ் வரும் வரை வரவில்லை. நானும் கூடவே ஏறிக்கொண்டேன். எல்லோரும் என்ன நினைத்திருப்பார்கள்? நோயாளியை விட்டுப் பிரியாத நர்ஸ் என்று நினைத்திருப்பார்கள். மலைப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அவள் உடம்பு ஒரு பக்கம் சாய, நான் அவள் காலருகில் குந்திக்கொண்டு திருகாணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸில் இருந்த பையன் மருந்தேற்ற ஊசி குத்திக்கொண்டே, "மேடம், கட் பண்ணிடலாமே" என்றான். "திருகு கழண்டுகினு இருக்கு, நீ உன் வேலையப் பாரு" என்று சொல்லி, அவன் பெட்டியிலிருந்த இடுக்கியை வாங்கி மொட்டுத் தலையைக் கவ்வினேன். வண்டி அடிவாரத்துக்கு இறங்கி, கோமுகி அணையைக் கடந்து, கச்சிராயபாளையம் வந்தபோது அது திரும்பியது. காப்பு கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு கீறல் இல்லை.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் கால் நாவல்பழ நிறத்துக்கு மாறியிருந்தது, காப்பு இருந்த இடத்தில் விரல் ஆழத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். "இது எவ்வளவு நேரம் கால்ல இருந்துச்சு? ஏன் உடனே வெட்டல?" என்று கேட்டார்.

"வெட்ட அங்க ஒண்ணும் கிடைக்கல சார்" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அதுவும் யார் முன்னால்? பின்னாலேயே பைக்கில் வந்து சேர்ந்துவிட்ட புருஷன் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அவன் வண்டிப் பெட்டியில் பிளேயர் அப்படியே இருந்தது. அவன் என்னைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். ஏன் பேசுவான்? அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஒரே ஒரு நர்ஸ் நான். அவன் அம்மாவுக்கு மாதாமாதம் சர்க்கரை மாத்திரை நான் கொடுக்க வேண்டும், அவன் பெண்ணுக்கு நாளை பிரசவம் என்றால் நான் வர வேண்டும். என்னைப் பகைத்துக்கொண்டு மலையில் எப்படி இருப்பான்? அவன் பயம் எனக்குத் தெரிந்தது, அந்தப் பயத்தின் மேல் ஏறி நான் தப்பித்துக்கொண்டேன்.

உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். பாதம் பிழைக்கவில்லை. ஒன்பதாம் நாள் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். விஷமும் காரணம், இறுக்கமும் காரணம், இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வருஷம் தூங்கினேன். காப்பு ஜோடியைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டேன். அப்போதும்கூட, துணியில் சுற்றி வை, ஒன்றோடொன்று உரசவிடாதே என்று சொல்லிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவள் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. அவள் மாமியாரின் மாத்திரையை, ஊரில் சுகாதார வேலை பார்க்கும் ஆஷா பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன். தடுப்பூசி நாளில் அவள் கட்டை ஊன்றும் சத்தம் கேட்டால் உள் அறைக்குப் போய் ரெஜிஸ்டர் எழுதுவேன். வாட்ஸ்அப் குழுவில் யாரோ, மலையிலிருந்து புதிதாக ஒன்றும் வரவில்லையா என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று போட்டேன். உடனே இருபது பேர் கைகூப்பினார்கள். அவர்களுக்கு என்ன, கட்டைவிரலால் ஒரு தட்டு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கள்ளக்குறிச்சியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முந்தின நாள் செயற்கைக் காலுக்கு அளவெடுக்க வந்தவள், தங்கை வீட்டில் ராத்தங்கிவிட்டு வந்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் விசாரித்து, கட்டையை ஊன்றிக்கொண்டு தனியாகவே நடந்து வந்திருக்கிறாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். மஞ்சப்பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து, அவிழ்த்து, எனக்கு முன்னால் வைத்தாள். இரண்டு காப்பும் உரசாமல் நடுவில் துணி வைத்திருந்தாள்.

"ஆடு ரெண்டு வாங்கணும் நர்சம்மா. காட்டு வேலைக்குப் போவ முடியல. ஆடுன்னா உக்காந்துகினே பாத்துக்கலாம்" என்றாள்.

பணம் தருகிறேன், காப்பு வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்றேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. பணம் எடுக்க நான் திறந்த பீரோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்த்தட்டில் நான் வரிசையாக அடுக்கியிருந்ததைக் கையால் காட்டி, "அந்தக் கொடி எங்க சித்தியோடது. இந்த முருகு, மேல ஊரு கொழுந்தனார் பொஞ்சாதியோடது, அவங்க ஊட்டுக்காரரு மரத்துலருந்து விழுந்தப்ப போட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. தெரிந்த ஆட்களைச் சந்தையில் பார்த்ததுபோலச் சொன்னாள்.

பிறகு என்னைப் பார்த்துத் திரும்பி, "அறுத்துடுங்கன்னு நான் சொன்னேன்ல?" என்று கேட்டாள்.

"சொன்ன" என்றேன். ஒரு வருஷத்தில் அந்த விஷயத்தைப் பற்றி நான் பேசிய முதல் உண்மை அந்த ஒரு சொல்தான்.

"எனக்குத் தெரியும். அது மேல உங்களுக்கு எப்பவுமே ஒரு கண்ணு. ரெண்டு தரம் கேட்டீங்க, நான் குடுக்கல. குடுத்திருந்தா அன்னிக்கி காலுல இருந்திருக்காது. ஆஸ்பத்திரியில படுத்துகினு இதையேதான் நெனச்சுகினு இருந்தேன்."

பழியில் பாதியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். காலில் விழுந்திருப்பேன், அதுவும் என்னால் முடியும். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. "எனக்கு வேணாம்மா. சத்தியமா வேணாம்" என்றேன்.

"அன்னிக்கி அவ்ளோ வேண்டியிருந்துச்சே. இன்னிக்கி வேணாமா?"

அவள் குரலில் அப்போதுதான் கோபத்தைக் கேட்டேன். உரக்கக்கூட இல்லை.

தராசை எடுத்து வைத்தேன். "கடையில இன்னா குடுப்பானோ அதுவே குடுங்க, ஜாஸ்தி வேணாம்" என்றாள். அரக்குக்குக் கழிவு கழிக்கச் சொன்னாள். நான் எப்போதும் கழிப்பதில்லை என்றேன். "எனக்குக் கழிங்க" என்றாள். கழித்தேன். பணத்தை இரண்டு தரம் எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். வாசற்படி இறங்கும்போது கட்டை வழுக்கியது. சட்டென்று என் தோளைப் பிடித்தாள். பிடித்த கையை எடுக்கவில்லை. ஒரு பக்கம் கட்டை, ஒரு பக்கம் நான். கடைத்தெரு வழியாக, வெயிலில், மெதுவாக நடந்தோம். தெரிந்தவர்கள் வழியில் பார்த்து, "மலைக்காரங்களுக்கு நீங்க எவ்ளோ செய்யறீங்க மேடம்" என்றார்கள். அவள் கை என் தோளை இன்னும் கொஞ்சம் அழுத்தியது. பஸ் ஸ்டாண்டில், வெள்ளிமலை பஸ் வரும் வரை அப்படியே நின்றோம்.